முப்பத்தெட்டு நொடி

அந்த வீடியோக் கோப்பு நாற்பத்தொரு நிமிடம் பன்னிரண்டு நொடி ஓடக்கூடியது. திறந்ததும் கறுப்பாக இருந்தது. தொடக்கத்தில் கொஞ்சம் கறுப்பு வருவது வழக்கம்தான் என்று நினைத்து, நேரம் காட்டும் கோட்டை நடுவுக்கு இழுத்தாள். கறுப்பு. கடைசிக்கு இழுத்தாள். கறுப்பு. கணினியின் வெளிச்சத்தைக் கூட்டிப் பார்த்தாள். கறுப்பு சாம்பலாக வெளிறியது, அதில் அவள் முகம்தான் தெரிந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை. மூன்றாம் மாடியில் எடிட்டிங் அறை. சுவர் முழுக்கச் சத்தம் குடிக்கும் பஞ்சு, அட்டை ஒட்டி அடைத்த ஒரு ஜன்னல், இரண்டு மேஜை. அறையில் வேறு யாரும் இல்லை. அவள் நாற்காலியைப் பின்னால் தள்ளி எழுந்து, கதவு சாத்தியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு வந்து மறுபடி உட்கார்ந்தாள்.

அந்தக் குழுவில் மொத்தம் மூன்று பேர். டைரக்டர், எங்கே நிறுத்தினாலும் நின்ற இடத்தில் அசையாமல் நிற்பதால் ட்ரைபாட் என்று பெயர் வாங்கிய கேமராமேன், அப்புறம் இவள். பதிவான எல்லாவற்றையும் எண் போட்டு, நகல் எடுத்து, பத்திரப்படுத்துவது இவள் வேலை. அதனால் டேட்டா. இயற்பியல் படித்துவிட்டு இங்கே வந்தவள். அதிகம் பேச மாட்டாள், ஆனால் அவள் கைக்குப் போன எதுவும் தொலைந்ததில்லை. "எல்லாம் டேட்டாகிட்ட இருக்கு" என்று டைரக்டர் சொன்னால் அதற்கு மேல் யாரும் கேட்க மாட்டார்கள்.

அவர்கள் எடுத்துக்கொண்டிருந்தது ஒரு பழைய வீடியோ கேமைப் பற்றிய ஆவணப்படம். தலையில் விளக்கு கட்டிய ஒரு குட்டிச் சுரங்கக்காரன், ஏழு தளம் கீழே இறங்க வேண்டும். வழியெல்லாம் கல் விழும், பாலம் உடையும். ஒரே உயிரில், ஓர் அடிகூடப் படாமல் ஏழாவது தளத்தைத் தொட்டவர்கள் யாரும் இல்லை. முடியாது என்றே அந்த விளையாட்டுக்காரர்களின் இணையக் குழுவில் எழுதி வைத்திருந்தார்கள். தொட்டேன் என்று சொன்னவர் ஒரே ஒருவர், ஒரு லிஃப்ட் மெக்கானிக். இரண்டு முறை தொட்டாராம். இரண்டு முறையும் பதிவு இல்லை. குழுவில் அவருக்கு 'அளப்பு மெக்கானிக்' என்று பேர் வைத்தார்கள். அவர் எதை எழுதினாலும் கீழே நூறு பேர் சிரிக்கிற பொம்மை போட்டார்கள்.

"நான் வேலையிலயும் மேல கீழ போயிட்டிருக்கேன், வீட்டுக்கு வந்தும் கீழ போயிட்டிருக்கேன். பொய் சொல்ல எனக்கு எங்கம்மா நேரம்?" என்று முதல் நாள் படப்பிடிப்பில் அவளிடம் கேட்டார்.

அவருடைய வலது கட்டைவிரலின் தசைநாண், ஒருமுறை லிஃப்ட் கதவில் மாட்டியதிலிருந்து நைந்துகொண்டே வந்தது. திங்கட்கிழமை அறுவை சிகிச்சை, ஞாயிறு விடியும்போதே ஆஸ்பத்திரியில் சேர வேண்டும். அதற்கப்புறம் விரல் மடங்கும், ஆனால் பழைய வேகத்தில் மடங்காது என்று டாக்டர் சொல்லிவிட்டார். கையில் இருந்தது சனிக்கிழமை மட்டும். சனிக்கிழமை மதியம் அவர் வீட்டு முன்னறையில், ஐந்தாவது முயற்சியில், அவர் ஏழாவது தளத்தைத் தொட்டார். தொட்டதும் கத்தவில்லை. கன்ட்ரோலரை மடியில் வைத்துவிட்டு இரண்டு கையையும் பார்த்துக்கொண்டிருந்தார். ட்ரைபாடே அசைந்துவிட்டான், கண்ணைத் துடைத்துக்கொள்ள.

இவளும்தான் அழுதாள். அழுதுகொண்டே ரெக்கார்டரின் சிவப்பு விளக்கைப் பார்த்தாள். அது எரிந்துகொண்டிருந்தது.

நடந்தது இதுதான். விளையாட்டுப் பெட்டியிலிருந்து இரண்டு வயர்: ஒன்று டிவிக்கு, ஒன்று ரெக்கார்டருக்கு. ரெக்கார்டரில் உள்ளங்கை அளவு ஒரு திரை உண்டு. அதன் வெளிச்சம் மெக்கானிக்கின் மூக்குக்கண்ணாடியில் நீலமாக ஒரு புள்ளி போட்டது. டைரக்டருக்கு அந்தப் புள்ளி பிடிக்கவில்லை. இந்தப் படத்தின் உயிரே விளையாட்டின் ஒளி ஆடுகிறவர் முகத்தில் விழுந்து மாறுவதுதான், வேறு எந்த ஒளியும் வரக்கூடாது என்று மாதக்கணக்காகச் சொல்லிக்கொண்டிருந்தவர். "டேட்டா, அத மூடும்மா" என்றார். அவள் கறுப்புத் துணியை எடுத்து, பின்பக்கச் சிவப்பு விளக்கை மட்டும் விட்டு, ரெக்கார்டரைச் சுற்றி, கண்ணும் கருத்துமாக, ஓரங்களை இறுக்கிச் செருகினாள். செருகியபோது வயர் ஒரு நகக்கண் அளவுக்கு வெளியே வந்திருக்கிறது. ரெக்கார்டர் அதைப் பற்றிப் புகார் சொல்லாது. படம் வந்தால் படத்தைப் பதியும், வராவிட்டால் கறுப்பைப் பதியும். நாற்பத்தொரு நிமிடம் அது பொறுப்பாகக் கறுப்பைப் பதிந்திருந்தது.

முகத்தை எடுத்த கேமரா இருக்கிறதே என்று அவசரமாக அந்தக் கோப்பைத் திறந்தாள். கண்ணாடியில் டிவி தெரிந்திருக்கும். அதைப் பெரிதாக்கினால் குறைந்தது கடைசித் தளமாவது... பெரிதாக்கினாள். இரண்டு சுத்தமான வில்லைகள், அவற்றுக்குப் பின்னால் இமைக்காத இரண்டு கண்கள். கண்ணாடியில் எதுவுமே தெரியக்கூடாது என்று ட்ரைபாட் லென்ஸில் ஒரு வடிகட்டி மாட்டி, அதைத் திருப்பித் திருப்பி அரைமணி நேரம் செலவழித்தது நினைவுக்கு வந்தது. நல்ல வேலைக்காரன். ஒரு துளி பிம்பம் இல்லை.

டைரக்டரைக் கூப்பிட்டுச் சொன்னாள். அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். நெற்றியைப் பிடித்துக்கொண்டு கேட்டார்.

"முகம் இருக்கில்ல?"

"இருக்கு சார்."

"கை?"

"இருக்கு. சத்தமும் இருக்கு."

"அப்ப திரைய நாம செஞ்சுக்கலாம். நல்லா ஆடறவர் ஒருத்தர வரச்சொல்லி, துண்டு துண்டா ஆடவச்சு, ஒட்டிடலாம். நடந்ததத்தான காட்டறோம். நடக்காத ஒண்ணையா காட்டறோம்?"

"சார், அந்தக் குழுவுல இருக்கறவங்க ஒவ்வொரு ஃபிரேமா பாப்பாங்க. கை ஒண்ணு அழுத்தும், திரையில வேற ஒண்ணு நடக்கும். ஒட்டுன்னு ஒரு நாள்ல கண்டுபிடிச்சிடுவாங்க. அப்புறம் அவர யாரு நம்புவா?"

"எனக்கு அடுத்த திங்கள் சேனலுக்குப் படம் போயாகணும்" என்றார் டைரக்டர். குரல் உயரவில்லை. "வெள்ளிக்கிழமை நாலு மணிக்கு ஆள வரச்சொல்றேன். அதுக்குள்ள உனக்கு வேற வழி தெரிஞ்சா சொல்லு. அவர்கிட்ட இப்ப எதுவும் சொல்லாத. ஆபரேஷன் முடியட்டும்."

வேறு வழி ஒன்று அவளுக்குத் தோன்றியிருந்தது. வாயால் சொல்ல வெட்கமாக இருந்த வழி. அந்தப் பழைய விளையாட்டுக்குச் சொந்தமாக யோசிக்கத் தெரியாது. அதே கணத்தில் அதே பட்டனை அழுத்தினால் அதே கல்தான், அதே இடத்தில்தான் விழும். கல்லூரிச் சோதனைக்கூடத்தில் செய்ததுபோல, அதே நிலைமை, அதே விளைவு. கைகளை மட்டும் எடுத்த கேமராவில் எந்த விரல் எப்போது எதை அழுத்தியது என்பது இருக்கிறது. ஒவ்வொன்றாகப் படித்து, கணினியில் எழுதி, அதை விளையாட்டுக்கு ஊட்டினால், மெக்கானிக் சனிக்கிழமை ஆடிய ஆட்டத்தையே அது மறுபடி ஆடிக் காட்டும். ஒட்டு இல்லை. நடிப்பு இல்லை. யார் வேண்டுமானாலும் கையையும் திரையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துச் சரிபார்க்கலாம்.

ஆனால் ஒரு நொடிக்கு அறுபது கணம். ஒரு கணம் பிசகினால் சுரங்கக்காரன் செத்துப்போவான்.

திங்கள், செவ்வாய், புதன் அவள் அந்தக் கைகளோடேயே வாழ்ந்தாள். வலது கட்டைவிரலின் நகத்தில் கிரீஸ் கறை ஒன்று பிறை மாதிரி இருந்தது; அது சாய்கிற கோணத்தை வைத்துத் தாவும் பட்டனா, கல்லை உடைக்கிற அடியா என்று சொல்லப் பழகிவிட்டாள். சுரங்கக்காரன் முதல் தளத்தில் முன்னூறு தடவைக்கு மேல் செத்தான். ஒவ்வொரு சாவுக்கும் ஒரு கணத்தை முன்னால் தள்ளினாள், பின்னால் தள்ளினாள். செவ்வாய் மாலை அவன் இரண்டாம் தளத்துக்கு இறங்கினான். புதன் மூன்றாவது. வியாழன் மதியம், ஆட்டத்தின் பத்தொன்பதாவது நிமிடத்தில், நான்காம் தளத்துப் பாலத்தின் முன்னால் வந்து நின்றான். அங்கே கைகள் மறைந்துவிட்டன.

ட்ரைபாடைக் கூப்பிட்டாள். அவன் திரையைப் பார்த்துவிட்டு உதட்டைக் கடித்தான்.

"கார்ட் நெறஞ்சிடுச்சு. மாத்தினேன். சீக்கிரமாத்தான் மாத்தினேன்."

"முப்பத்தெட்டு செகண்டு."

"அப்ப எனக்கு என்ன தெரியும் டேட்டா? திரைதான் உன்கிட்ட இருக்கே, கை கொஞ்சம் போனா என்னன்னு..."

சத்தம் மட்டும் இடைவெளி இல்லாமல் பதிவாகியிருந்தது. அந்த முப்பத்தெட்டு நொடியில் நூற்றுப் பன்னிரண்டு சொடுக்குகள். எப்போது அழுத்தினார் என்பது இருந்தது. எதை என்பது இல்லை. அதைத் தாண்டிவிட்டால் மீதி இருபத்தொரு நிமிடமும் கைகள் இருக்கின்றன. இந்த இடைவெளி சரியாக நிரம்பினால் சுரங்கக்காரன் தானாகவே ஏழாவது தளத்துக்கு நடந்துபோவான். தப்பாக நிரம்பினால் பாலத்திலேயே சாவான். அதை நிரப்பத் தெரிந்தவர் உலகத்தில் ஒருவர்தான்.

மெக்கானிக் ஆஸ்பத்திரியிலிருந்து தினமும் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். "ஏம்மா, அந்தக் கடைசித் தளம் மட்டும் ஒரு துண்டு அனுப்பேன். நர்ஸம்மா நம்ப மாட்டேங்கறாங்க." கலர் வேலை நடக்கிறது என்றாள். மறுநாள், சத்தம் சரிசெய்கிறோம் என்றாள். அவ்வளவு சரளமாகப் பொய் வரும் என்று அவளுக்கே தெரியாது.

வெள்ளிக்கிழமை இரண்டரை மணிக்கு அவரே வந்துவிட்டார், மனைவியோடு. லிஃப்ட் ஓடவில்லை, மூன்று மாடி ஏறி மூச்சு வாங்கியது. வலது கை முழங்கை வரை கட்டு, மேலே வார் போட்டு இறுக்கிய ஒரு பிளாஸ்டிக் தாங்கி. கட்டைவிரல் மட்டும் அதிலிருந்து வெளியே எட்டிப் பார்த்தது. டைரக்டர் சேனல் ஆபீஸில். ட்ரைபாட் ஏதோ வேலை இருப்பதாகச் சொல்லி நழுவினான்.

"உங்க லிஃப்டுல கதவு ரோலர் போச்சும்மா, தள்ளிப் பாத்தாலே தெரியுது. கை சரியாகட்டும், வந்து பாக்கறேன்" என்று உட்கார்ந்தார்.

"ஆமா, கையச் சரியாக விட்டாத்தான" என்றாள் மனைவி. "மூணு வாரம் கட்டவிரல அசைக்கக்கூடாது, தையல் விட்டுச்சுன்னா மறுபடி தைக்க அங்க ஒண்ணுமில்லன்னு டாக்டர் தலதலயா அடிச்சுக்கறாரு. இவரு தூக்கத்துல கூட ஆடறாரு. கல்யாணமான புதுசுல வலிப்போன்னு பயந்துபோய்த் தண்ணி தெளிச்சிட்டேன். எந்திரிச்சு, 'அஞ்சாவது தளத்துல இருந்தேன், கெடுத்துட்டியே'ங்கறாரு." சிரித்துக்கொண்டே அவர் தோளில் ஒரு தட்டுத் தட்டினாள். "போட்டுக் காட்டும்மா. நானும் சமையல்கட்டுலதான் நின்னேன், டிவியப் பாக்கவே இல்ல. எனக்குப் படபடன்னு வந்துடும்."

எத்தனையோ விதமாகச் சொல்லிப் பார்த்து வைத்திருந்தாள். கடைசியில் நேராகவே சொன்னாள்.

"அண்ணா, திரை பதிவாகல."

"எவ்வளவு போச்சு?"

"எதுவுமே ஆகல."

அவர் சிரித்தார். "வெளையாடாத." அப்புறம் அவள் முகத்தைப் பார்த்தார். சிரிப்பு உடனே போகவில்லை. போக வழி தெரியாமல் வாயிலேயே கொஞ்ச நேரம் இருந்தது.

"முகம் இருக்குண்ணா. கை இருக்கு. சத்தம் இருக்கு."

"கல்யாணத்துக்கு மாப்பிள்ளையத் தவிர எல்லாரும் வந்தாச்சு" என்றார். யாரும் சிரிக்கவில்லை. "எப்படி?"

சொன்னாள். துணியைப் பற்றி, வயரைப் பற்றி.

"துணிய யாரு போட்டது?"

"நான்தான்."

அவர் தலையாட்டினார். கோபப்படுகிறவர் முகம் இல்லை. பழுதான இடம் எது என்று தெரிந்துகொண்ட மெக்கானிக்கின் முகம். மனைவிதான் எழுந்தாள்.

"ஆஸ்பத்திரில பக்கத்துக் கட்டில்காரங்க, வார்டு தொடைக்கிறவங்க, ஒருத்தர் பாக்கியில்லாம சொல்லி வச்சிருக்காரு. டிவில வரும் டிவில வரும்னு..." பையை எடுத்துக்கொண்டாள். "நான் வெளிய நிக்கறேன். இங்க நின்னா இந்தப் பொண்ண ஏதாவது சொல்லிடுவேன்." கதவைச் சாத்திக்கொண்டு போனாள்.

இவள் தான் செய்து வைத்திருந்ததைப் போட்டாள். இடது திரையில் அவர் கைகள். வலது திரையில் சுரங்கக்காரன். கை அழுத்த, அவன் தாவினான். கை காத்திருக்க, அவன் காத்திருந்தான்.

மெக்கானிக் நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டார். "இது நான்" என்றார். "இது நான்தான்மா. இந்த இடத்துல எப்பவும் அரை அடி லேட்டாத்தான் தாவுவேன், வேற எவனும் அப்படித் தாவ மாட்டான். எப்படிப் பண்ண?"

பத்தொன்பதாவது நிமிடத்தில் அவன் பாலத்துக்கு வந்தான். இடது திரை காலியானது. ஒரு கல் விழுந்து அவன் செத்தான். இவள் முப்பத்தெட்டு நொடியைப் பற்றிச் சொன்னாள். சொடுக்குகளைப் போட்டுக் காட்டினாள். நாலு மணிக்கு இன்னொருவர் வருகிறார் என்பதையும், எதற்கு என்பதையும் மறைக்காமல் சொன்னாள்.

"ஒட்டுப் போட்டா அவ்வளவுதான்" என்றார் அவர். "கெடச்ச ஆதாரமும் பொய்யின்னு ஆயிடும். மணி என்ன?"

"மூணு அஞ்சு."

"எழுதிக்கோ. பாலத்துல ஏறினதும் ஒரு தாவல். அடி. ரெண்டு தாவல். இல்ல, தாவல், அடி, தாவல்."

எழுதினாள். சுரங்கக்காரன் செத்தான். மாற்றிச் சொன்னார். செத்தான். ஏழெட்டுத் தடவை. ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு மாதிரி சொன்னார், ஒவ்வொரு முறையும் நிச்சயமாகச் சொன்னார். கடைசியில் கண்ணாடியைக் கழற்றி இடது கையால் கண்ணை அழுத்திக்கொண்டார்.

"வாய்க்குத் தெரியலம்மா. நான் அத மனசுல வச்சுக்கிட்டு ஆடல. கைதான் ஆடுச்சு. கையத்தான் கேக்கணும்." மேஜையில் கிடந்த கன்ட்ரோலரைப் பார்த்தார். "அந்தச் சொடுக்கு சத்தத்தப் போடு. கூடவே அழுத்தறேன். மீதி தன்னால வரும்."

"அண்ணா, உங்க கை..."

"தெரியும்."

தாங்கியின் வாரை அவர் பல்லால் பிடித்து இழுத்தார். சர்ரென்று கிழிகிற சத்தம். வேண்டாம் என்று அவள் சொல்லியிருக்க வேண்டும். எழுந்து கதவைத் திறந்து, அக்கா, உள்ளே வாங்க என்று கூப்பிட்டிருக்க வேண்டும். இரண்டு எட்டு வைத்தால் கதவு. அவள் கை ஹெட்ஃபோனை எடுத்து அவர் தலையில் மாட்டியது. அவர் விரலுக்கு எட்டுகிற மாதிரி கன்ட்ரோலரைத் திருப்பி வைத்தது. சத்தம் பதிவான கோப்பைப் பாலத்தின் தொடக்கத்துக்குக் கொண்டுபோய் நிறுத்தியது. எந்தப் பட்டன் என்பதை மட்டும் அவர் விரலிலிருந்தும், நேரத்தைப் பழைய சொடுக்கிலிருந்தும் எடுக்கும்படி கணினியை அமைத்தது.

முதல் முறை பதினான்காவது நொடியில் செத்தான். கட்டைவிரல் கொழுக்கட்டை மாதிரி உப்பியிருந்தது. அழுத்தினால் திரும்பி எழ நேரம் எடுத்துக்கொண்டது. "பரவால்ல, வந்துடுச்சு, தாவல்தான் முதல்ல, பாத்தியா" என்றார். மேலுதட்டில் வியர்வை. இரண்டாம் முறை இருபத்திரண்டு. அவர் இப்போது திரையைப் பார்க்கவே இல்லை. கண்ணை மூடிக்கொண்டு, காதில் விழுகிற தன் சொடுக்குகளுக்குப் பின்னாலேயே ஓடினார். இந்த முகத்தை யாராவது படம்பிடிக்க வேண்டும் என்று அவளுக்கு ஒரு கணம் தோன்றியது. தோன்றியதற்குக் கன்னம் சுட்டது. இருபத்திரண்டு நொடிவரை வந்ததைப் பத்திரமாகச் சேமித்தாள், நகலும் எடுத்தாள்.

மூன்றாம் முறை இருபத்தைந்து தாண்டியது. இருபத்தெட்டு. அவன் பாலத்தின் உடைந்த பலகைகளை ஒவ்வொன்றாகக் கடந்தான், சனிக்கிழமை யாரும் பார்க்காமல் கடந்தது போலவே. முப்பது. முப்பத்தொன்றில் மெக்கானிக்கின் தொண்டையிலிருந்து ஒரு சின்னச் சத்தம் வந்தது. வலியால் கத்துகிற சத்தம் அல்ல. கையிலிருந்து எதையோ நழுவவிட்டவன் போடும் சத்தம். அவள் விரல் தானாகவே ஆட்டத்தை உறையவைத்தது.

கட்டைவிரல் பட்டன் மேல் படுத்திருந்தது. அவர் அதைப் பார்த்தார். வேறு யாருடைய விரலையோ பார்ப்பதுபோலப் பார்த்தார். எழுப்ப முயன்றார் என்பது முன்கையின் நரம்பு புடைத்ததில் தெரிந்தது. விரல் எழவில்லை.

"ஏங்க," கதவுக்கு வெளியே மனைவியின் குரல். "ரொம்ப நேரமாச்சே. உள்ள வரவா?"

"ரெண்டு நிமிஷம்" என்று அவர் சத்தமாகச் சொன்னார். குரல் சாதாரணமாகவே இருந்தது. அப்புறம் இடது கையால் வலது கையைத் தூக்கி, ஆள்காட்டி விரலைக் கொண்டுவந்து, கட்டைவிரல் இருந்த இடத்தில் வைத்தார். ஹெட்ஃபோனைச் சரிசெய்துகொண்டார்.

"பாதியிலேர்ந்து கைக்கு வராது. முதல்லேர்ந்து போடும்மா" என்றார் மெதுவாக.

கதவின் பிடி கீழே இறங்கியது. அவள் விரல் விசையின் மேல் இருந்தது. திரையில் சுரங்கக்காரன் கடைசிப் பலகையில் ஒரு காலை முன்னால் வைத்து நின்றான். அவன் தலைவிளக்குக்கு ஒரு சாண் மேலே, மேல்கூரையை விட்டுப் பிரிந்த கல், அப்படியே அந்தரத்தில் நின்றது.